ஒரே ராத்திரியில் மூன்று மரணங்கள்... வேலூர் சி.எம்.சி உருவான கதை! யார் இந்த ஐடா ஸ்கடர்?

காட்பாடி ரயில் நிலையத்தில் எந்த நாள் காலையில் இறங்கினாலும் ஒரு காட்சி தப்பாது. மேற்கு வங்கம், பீகார், அசாம் பக்கமிருந்து வரும் ரயில்களில் இருந்து, கையில் ஸ்கேன் கவரும் மருத்துவ ஃபைலுமாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்குவார்கள். தமிழ் தெரியாது, வேலூரும் புதுசு. ஆனால் ஆட்டோக்காரரிடம் சொல்ல அவர்களுக்கு ஒரு வார்த்தை தெரியும்: சி.எம்.சி.

அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்குப் பெயர் ஐடா ஸ்கடர் ரோடு. சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மெடிக்கல் ஷாப் என எங்கு பார்த்தாலும் வங்காளத்திலும் இந்தியிலும் போர்டுகள். தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் சாலை அது. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், வேலூர்க்காரர்களிலேயே பலருக்கு ஒரு வரிக்கு மேல் தெரியாது.

இத்தனைக்கும் அவர் இந்த மண்ணில் பிறந்தவர். இந்த ஊரே வேண்டாம் என்று ஓட நினைத்தவர். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பரப்ப வந்த குடும்பத்தில் பிறந்து, அந்த நம்பிக்கையைப் பேச்சைவிட மருத்துவத்தின் வழியாகப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய கதையை விரிவாகப் பார்ப்போம்.

ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்

ஐடா சோபியா ஸ்கடர் பிறந்தது 1870 டிசம்பர் 9. பிறந்த ஊர், இன்று தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன ராணிப்பேட்டை. அன்றைக்கு அது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஸ்கடர் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு அதற்கும் அரை நூற்றாண்டு முந்தையது. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த டாக்டர். 1819-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 1836-ல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவில் இருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி என்று வரலாறு அவரைத்தான் குறிப்பிடுகிறது.

தாத்தாவின் வழி வேறு. அவர் வைத்தியமும் பார்ப்பார். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதிலும், சின்னச் சின்னப் பிரசுரங்களை அச்சடித்துக் கொடுப்பதிலும்தான் அவருக்கு ஆர்வம் அதிகம்.

அவருடைய மகன்கள் 1853-ல் ஆற்காடு பகுதியில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866-ல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை ஆரம்பித்தார். இன்னொரு மகனான ஜான் ஸ்கடரும் டாக்டர்தான். அவருடைய ஒரே மகள்தான் ஐடா. கூடப் பிறந்தவர்கள் ஐந்து அண்ணன்கள்.

ஊரை விட்டு ஓட நினைத்த பொண்ணு

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தால், தானும் மிஷனரி ஆகத்தான் ஆசைப்பட்டிருப்பார் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ்.

ஐடா சின்னக் குழந்தையாக இருந்தபோது வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சம் அது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பசியில் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும் வேலை அந்தச் சிறுமிக்கும் வந்தது. தன் வயதுக் குழந்தைகளுக்குச் சாப்பிடக்கூடத் தெம்பு இல்லாமல் போனதைப் பார்த்து வளர்ந்தார்.

அதற்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் அப்பா மறுபடியும் இந்தியாவுக்குக் கிளம்பினார். பின்னாலேயே அம்மாவும் போனார். பள்ளி வயதில் இருந்த ஐடா சிகாகோவில் சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்டார். அம்மா கிளம்பிய அன்று ராத்திரி, அம்மாவின் படுக்கைக்கு ஓடிப்போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுததை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

மிஷன் வேலை என்றாலே பஞ்சம், பிரிவு, வெயில் என்றுதான் அவர் மனதில் பதிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் படித்தார். அது அக்காலத்தின் பிரபல பிரசங்கியார் மூடி தொடங்கிய பள்ளி. அங்கே தோழிகள் எல்லாம், ஸ்கடர் வீட்டுப் பொண்ணு கடைசியில் இந்தியாவுக்குத்தான் போவாள் என்று கிண்டல் செய்வார்கள். ஐடா அடித்துச் சொல்லி மறுத்தார். நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான வாழ்க்கை, அமெரிக்காவிலேயே இருந்துவிடுவது. இதுதான் அவருடைய திட்டம்.

1890-ல் இந்தியாவில் இருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஐடா கிளம்பினார். ஆனால் தெளிவாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்: அம்மாவுக்கு உடம்பு தேறியதும் திரும்பிவிட வேண்டும்.

திண்டிவனத்தில் அந்த ராத்திரி

அப்போது அப்பா ஜான் ஸ்கடர் வேலை பார்த்தது திண்டிவனத்தில். ஐடா அம்மாவைக் கவனித்துக்கொண்டே அங்கிருந்த பெண் பிள்ளைகள் பள்ளியையும் பார்த்துக்கொண்டார். ஒருநாள் ராத்திரி அவர் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சி கைவிரித்துவிட்டார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றார் ஐடா. அந்த இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் ஒருவர் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்பது அன்றைய கட்டுப்பாடு. அவர் தலை குனிந்து திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். இவர் முஸ்லிம். வீட்டில் அதே நிலைமை. ஐடா அப்பாவையும் கூட்டி வந்து பேச வைத்தார். பலனில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் கோஷா முறையில் இருப்பவர்கள், குடும்பத்துக்கு வெளியே ஆண் முகம் பார்க்காதவர்கள். அவரும் போனார்.

மூன்றாவதாக வந்தவர் இன்னொரு உயர்சாதி இந்து. அதே கோரிக்கை, அதே பதில்.

அன்று ராத்திரி ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மூன்று வீட்டாரின் மதம் வேறு, சாதி வேறு. ஆனால் மூன்று பெண்களுக்கும் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். அது அந்த வட்டாரத்தில் இல்லை. அவர்கள் மாறட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள்? அதற்குப் பதிலாக, அவர்கள் வீட்டுக்குள் அனுமதிக்கக்கூடிய ஆளாகத் தான் மாறுவது என்ற முடிவுக்கு வந்தார் ஐடா. காலையில் அப்பா, அம்மாவிடம் போய்ச் சொன்னார்: டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், படித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அது கடவுள் தன்னை அழைத்த அழைப்பு என்று அவர் வாழ்நாள் முழுக்க நம்பினார்.

கையில் டிகிரி, கூடவே 10,000 டாலர்

1895-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டதால், கடைசி ஆண்டுப் படிப்புக்கு அங்கே மாறினார். 1899-ல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஐடாவும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்டும் பொறுப்பை மிஷன் அவரிடமே கொடுத்தது. கப்பல் ஏறக் கொஞ்ச நாளே இருந்தது. கையில் பெரிதாக ஒன்றும் சேரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கி அதிபர் அந்த மூன்று பெண்களின் கதையைக் கேள்விப்பட்டார். இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி 10,000 டாலரைக் கொடுத்தார். அன்றைய மதிப்பில் அது மிகப் பெரிய தொகை.

ஒரே ஒரு கட்டில்

1900-ன் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அனுபவசாலியான அப்பாவோடு சேர்ந்து சில ஆண்டுகள் வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் வந்த சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயால் இறந்துபோனார்.

முப்பது வயதுகூட ஆகாத பெண். படிப்பு உண்டு, அனுபவம் இல்லை. வீட்டில் ஒரே ஒரு கட்டில் போட்ட அறையில் வைத்தியத்தை ஆரம்பித்தார். சி.எம்.சி தன் பிறந்த வருஷமாக 1900-ஐச் சொல்வது இந்தக் கட்டிலை வைத்துத்தான்.

ஆரம்பத்தில் ஆட்கள் வரத் தயங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண், வயசும் குறைவு, என்ன வைத்தியம் பார்த்துவிடப் போகிறார் என்ற சந்தேகம். ஒருவருக்குக் குணமாகி, அவர் பக்கத்து வீட்டில் சொல்லி, அப்படித்தான் கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதும் உதவிக்கு ஆள் வேண்டுமே? வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கே மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பெரிய கல்லூரியாக வளர்ந்த பழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த இடம் இன்றும் இருக்கிறது. ஷெல் கண் மருத்துவமனை என்று வேலூர்க்காரர்கள் சொல்வது அதைத்தான்.

மதம் மாற்றத்தான் ஆஸ்பத்திரியா?

ஐடாவின் கதையில் தவிர்க்க முடியாத கேள்வி இது. அவரை அனுப்பியது மிஷன். மிஷனின் நோக்கம் கிறிஸ்தவத்தைப் பரப்புவது. அப்படியென்றால் மருந்து, ஊசி எல்லாம் வெறும் தூண்டிலா?

ஐடா தன் நம்பிக்கையை மறைக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கத்தியை எடுக்கும் முன் ஜெபம் செய்வார். மாணவிகளுக்கு பைபிள் வகுப்பு எடுத்தார். அவரோடு வேலூர் வந்த தோழி ஆனி ஹான்காக் டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பழகி, கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசுவதுதான் அவர் வேலை. கிறிஸ்துவைப் பற்றி யாரும் வாய் திறக்காத ஆஸ்பத்திரி அது என்று சொன்னால் அது உண்மையல்ல.

ஆனால் வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் மதம் ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என நீளும் இந்தப் பகுதியின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். தோல் வியாபாரத்தில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊருக்குள் மற்ற சாதியினர். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காத காலம் அது. இவர்கள் அத்தனை பேர் வீட்டுப் பெண்களும் ஒரே டாக்டரம்மாவைத் தேடி வந்தார்கள். குணமானதும் பெரும்பாலானோர் எந்த மதத்தோடு வந்தார்களோ அதே மதத்தோடுதான் வீடு திரும்பினார்கள். கோஷா வீடுகளில் இருந்தும் அழைப்பு வந்தது. அவர்கள் மதத்துக்கு இந்த அம்மாவால் ஆபத்து என்று நினைத்திருந்தால் கதவு திறந்திருக்காது.

மிஷன் ஆஸ்பத்திரிகள் சேவையைக் காட்டி மதம் மாற்றக் கூடாது, சேவையை சேவைக்காகவே செய்ய வேண்டும் என்று அக்காலத்தில் வெளிப்படையாக விமர்சித்தவர் மகாத்மா காந்தி. அதே காந்தி 1920-களின் பிற்பகுதியில் ஐடாவின் மருத்துவப் பள்ளிக்கு வந்து பார்த்தார். விவாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஐடாவைப் பொறுத்தவரை, நோயாளிக்கு நல்ல வைத்தியம் பார்ப்பதே அவருடைய சாட்சி. தாத்தா பிரசுரம் கொடுத்தார், தோழி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார், ஐடா பிரசவம் பார்த்தார். நம்பிக்கை மூவருக்கும் ஒன்று, அதைப் பகிர்ந்துகொண்ட விதம்தான் வேறு.

மரத்தடியில் ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரி கட்டியாயிற்று. ஆனால் கிராமத்து ஜனங்கள் வேலூர் வரை வர வேண்டுமே? வண்டி கட்டி வருவதற்குள் பாதிப் பேருக்கு நோய் முற்றிவிடும். அதனால் ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போனது.

1906 வாக்கில் ஐடா வாரம் ஒருமுறை குடியாத்தத்துக்குப் போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். போகும் வழியெல்லாம் ஜனங்கள் நோயாளிகளோடு சாலையோரம் காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி, அங்கேயே மரத்தடியில் வைத்தியம் நடந்தது. பல் பிடுங்குவது, கட்டி அறுப்பது, கண்ணுக்கு மருந்து விடுவது, தொழுநோய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாமே சாலையோரத்தில்தான்.

1909-ல் ஒரு மோட்டார் கார் வந்தது. ஒற்றை சிலிண்டர் பெஜோ வண்டி. மாடும் குதிரையும் இல்லாமல் புகை கக்கிக்கொண்டு வரும் அந்த வண்டியைப் பார்த்து, பேய் வருகிறது என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்கள் என்று சொல்வார்கள். பிறகு அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்கப் பழகிவிட்டார்கள். நடமாடும் மருத்துவமனை, வீடு தேடி மருத்துவம் என்று இன்று நாம் சொல்வதை அந்தச் சாலையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்துகொண்டிருந்தார்.

பெண்களுக்கு டாக்டர் படிப்பா?

எவ்வளவு ஓடினாலும் ஓர் ஆள் எத்தனை ஊருக்குப் போக முடியும்? வெளிநாட்டில் இருந்து டாக்டர்களை வரவழைத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. இந்த ஊர்ப் பெண்களே டாக்டர் ஆக வேண்டும், நர்ஸ் ஆக வேண்டும்.

1909-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். அடுத்து மருத்துவப் பள்ளி. ஒரு சபையால் மட்டும் இதைத் தூக்கிச் சுமக்க முடியாது என்பதால், பல திருச்சபைகளும் மிஷன்களும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. ஆனால் சென்னையில் இருந்த அன்றைய மருத்துவத் துறைத் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் கிடைத்தாலே பெரிய விஷயம், கிடைத்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில்தான் அனுமதி வந்தது.

விண்ணப்பித்தவர்கள் 151 பேர்!

1918 ஆகஸ்ட் 12-ல் பெண்களுக்கான யூனியன் மிஷன் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை, ஆசிரியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. ஐடாவே பாடம் எடுத்தார், ஆபரேஷனும் செய்தார், விடுதியையும் கவனித்தார். முதல் ஆண்டுத் தேர்வு சென்னையில் நடந்தது. ஆண்கள் பள்ளிகளில் இருந்து வந்தவர்களே பெருமளவில் தோல்வி அடைந்த தேர்வு அது. வேலூரில் இருந்து போன மாணவிகள் அத்தனை பேரும் தேர்ச்சி பெற்றார்கள். 1922-ல் முதல் அணியாக 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

பெண்ணுக்கு எழுத்தறிவே எட்டாக் கனியாக இருந்த காலத்தில் நடந்தது இது.

ஆஸ்பத்திரியும் வளர்ந்தது. 1920-களில் நகரத்துக்குள் தோட்டப்பாளையத்தில் புதிய ஆஸ்பத்திரி வந்தது. ஊருக்கு வெளியே பாகாயத்தில் மலையடிவாரத்தில் சுமார் 200 ஏக்கரில் கல்லூரி வளாகம் உருவானது. இதற்கெல்லாம் பணம்? பெரும்பகுதி அமெரிக்காவில் சாதாரணப் பெண்கள் சர்ச்சுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அந்த நிதி திரட்டலை முன்னின்று நடத்தியவர் லூசி பீபாடி என்ற அமெரிக்கப் பெண்மணி, ஐடாவின் நெருங்கிய தோழி.

தோழியே எதிர்த்த முடிவு

1938-ல் ஒரு பெரிய சிக்கல். வேலூரில் கொடுத்துக்கொண்டிருந்தது எல்.எம்.பி என்ற டிப்ளமா. இனி அந்தப் படிப்பு கிடையாது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ் மட்டும்தான் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. எம்.பி.பி.எஸ் நடத்த வேண்டுமென்றால் படுக்கைகள் அதிகம் வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். முடியாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். இருபது ஆண்டு உழைப்பு கண் முன்னே கரையும் நிலை.

1941-ல் ஐடா மறுபடியும் அமெரிக்கா போனார். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசிப் பணம் கேட்டார்.

அங்கேதான் அடுத்த நெருக்கடி. ஆண்களையும் சேர்த்து, இருபாலர் கல்லூரியாக மாற்றினால் இன்னும் பல மிஷன்கள் கைகோர்க்கும், பணமும் ஆளும் கிடைக்கும் என்ற யோசனை வந்தது. லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். இது பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம், ஆண்களை உள்ளே விட்டால் கடைசியில் பெண்களுக்கு இடமே இல்லாமல் போகும் என்பது அவர் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஐடாவும் லேசில் முடிவெடுக்கவில்லை. அவருடைய வாழ்க்கையே பெண்களுக்குப் பெண் டாக்டர் என்ற ஒற்றை நோக்கத்தில் ஓடியது. ஆனால் கல்லூரியே இல்லாமல் போனால் அந்த நோக்கம் மட்டும் எப்படிப் பிழைக்கும்? கடைசியில் இருபாலர் கல்லூரிக்குச் சம்மதித்தார். பழைய ஆதரவாளர்கள் சிலரின் மனக்கசப்பையும் சம்பாதித்துக்கொண்டார். எந்த நோக்கத்தோடு ஆரம்பித்தாரோ அதன் வடிவத்தையே மாற்ற வேண்டி வந்த இந்தக் கட்டம்தான் அவர் வாழ்க்கையின் கடினமான கட்டம்.

1942-ல் எம்.பி.பி.எஸ் படிப்பு தொடங்கியது. 1947-ல் முதல் முறையாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். பெண்களுக்கான இடங்கள் தொடர்ந்தன. கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் இந்தியர் கைக்கு மாறியது. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

யாரும் தொடத் தயங்கியவர்களை...

ஐடா ஓய்வுபெற்ற பிறகும் அவர் போட்ட பாதையில் வேலை நடந்தது. 1946-ல் நர்ஸிங்குக்குப் பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டு பால் பிராண்ட் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் சேர்ந்தார். வட ஆற்காடு மாவட்டத்தில் அன்று தொழுநோய் அதிகம். நோயாளிகளை ஊரும் ஒதுக்கும், பல ஆஸ்பத்திரிகளும் சேர்த்துக்கொள்ளாது. மடங்கிப்போன அவர்களின் விரல்களை அறுவைசிகிச்சை மூலம் மீண்டும் வேலை செய்ய வைக்கும் முறையை 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் வேலூரில் உருவாக்கினார். உலகமே திரும்பிப் பார்த்த சிகிச்சை அது. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையமும் வந்தது. குடியாத்தம் சாலையில் ஐடா புண்ணுக்குக் கட்டுப் போட்ட அதே ஜனங்களுக்கான வேலைதான் இது.

இன்னொரு விஷயத்தில் பலருக்குக் குழப்பம் வரும். சி.எம்.சி வரலாற்றில் இரண்டு ஐடா ஸ்கடர்கள் உண்டு. இரண்டாமவர், ஐடாவின் அண்ணன் மகள். அவரும் டாக்டர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவை வளர்த்தவர். ஸ்கடர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் 40-க்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பணி செய்திருக்கிறார்கள்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதுமைக் காலத்தில் கொடைக்கானலில் உள்ள வீட்டில் இருந்தார். 1960 மே 24 அன்று, 89-வது வயதில் அங்கேயே காலமானார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

ஐடா விட்டுச் சென்றது என்ன?

அவர் இறந்த அடுத்த ஆண்டே சி.எம்.சி-யில் திறந்தநிலை இதய அறுவைசிகிச்சை நடந்தது. 1971-ல் சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை நடந்தது. இரண்டிலும் இந்தியாவுக்கு வழிகாட்டிய ஆஸ்பத்திரி இது. 2000-ல் நூற்றாண்டு கண்டபோது இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது.

2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஐடா பிறந்த ஊர் ஒரு மாவட்டத்தில், ஆஸ்பத்திரி ஒரு மாவட்டத்தில், ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு மாவட்டத்தில். ஆனாலும் தோல் கம்பெனியில், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் குடும்பங்களில் பெரிய நோய் என்றால் வேலூருக்குக் கொண்டு போ என்ற பேச்சு இன்றும் மாறவில்லை.

சி.எம்.சி இன்றும் கிறிஸ்தவ நிறுவனம்தான். வளாகத்தில் சிற்றாலயம் இருக்கிறது, பிரார்த்தனை நடக்கிறது. கல்லூரியின் குறிக்கோளாக இருப்பதும் பிறருக்குப் பணிவிடை செய்வதைப் பற்றிய பைபிள் வசனம்தான். அதே வராண்டாவில் பர்தா அணிந்த பெண்களும், நெற்றியில் விபூதி பூசியவர்களும், பெரிய பொட்டு வைத்த வங்காளப் பெண்களும் டோக்கன் எண்ணுக்காகப் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

திண்டிவனத்தில் அந்த ராத்திரி வாசலுக்கு வந்த மூன்று பேரின் பெயரும், இறந்துபோன அந்தப் பெண்களின் பெயரும் யாருக்கும் தெரியாது. அவர்களுக்காக டாக்டர் ஆனவரின் பெயர்தான் அந்தச் சாலைக்கு இருக்கிறது.